ஓட்டத் தெரிந்தால் போதுமா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேர் எவ்வளவு உயரமாயினும், அதை இழுக்க எத்தனை கைகள் கூடினாலும், விரல் பருமனுள்ள ஓர் ஆணி கழன்றால் எல்லாம் நின்றுவிடும். தேருக்குச் சொன்ன இந்த உண்மை நாள்தோறும் நாம் மிதித்து வரும் மிதிவண்டிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற அரையாண்டுத் தேர்வின்போது நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து மிதிவண்டியில் வருகிறவள். தேர்வு நாளன்று பாதி வழியில் பின் சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. ஒரு புறம் கண்மாய்க் கரை, மறுபுறம் தைலமரக் காடு. பக்கத்தில் கடை ஏதும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, நாற்பது நிமிடம் பிந்தித் தேர்வறைக்கு வந்து சேர்ந்தாள். தெரிந்த கேள்விகள் இரண்டுக்கு விடை எழுத நேரமில்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய சோதனை அன்று மாலை வீட்டில் காத்திருந்தது. “இனிமேல் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸிலேயே போய் வா” என்று அவளுடைய தந்தை சொல்லிவிட்டார். அவ்வூருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் சிறப்பு வகுப்பை விட்டுவிட வேண்டும். ஒரு சிறு முள், ஒரு மாணவியின் படிப்பையே குத்திவிடும் நிலை வந்தது.

அப்போது வாய் திறந்தவர் அவளுடைய அப்பாயி. “முள்ளு ஏறுனதுக்குப் புள்ளைய ஏம்ப்பா நிறுத்துற? முள்ளைப் புடுங்கக் கத்துக்குடு. அறிவொளியில நாங்க ஓட்டத்தான் கத்துக்கிட்டோம். பஞ்சரானா யாராச்சும் வருவாங்களான்னு ரோட்டையே பார்த்துக்கிட்டு நிப்போம். இவ ரெண்டையும் கத்துக்கிடட்டும்” என்றாராம். தந்தையும் இறங்கி வந்தார். “பஞ்சர் ஒட்டிக் காட்டு, அப்புறம் வண்டியைத் தொடு” என்று ஒரு நிபந்தனை விதித்தார்.

இதைக் கேட்ட நாங்கள் ஆறு பேர் தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் சென்று அனுமதி வேண்டினோம். அவர் மகிழ்ந்து இசைந்தார். மூன்று சனிக்கிழமைகள், பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகையில், சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் கற்றுத் தந்தார். அவரிடம் கற்றதையும், அதன்பின் நாங்கள் படித்து அறிந்ததையும் தங்கையரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் மாவட்டத்தின் பெருமை

பாட்டி சொன்ன ‘அறிவொளி’ என்ன என்று எங்களில் பலருக்குத் தெரியவில்லை. விசாரித்தபோதுதான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் அருமையான வரலாறு ஒன்று புலப்பட்டது.

1991-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகச் சென்று கற்பிக்கும் பெண் தொண்டர்கள் பேருந்து போகாத உட்கிராமங்களுக்கு எவ்வாறு செல்வது என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்போம் என்று முடிவு செய்ததோடு, எழுதப் படிக்கக் கற்பதைப் போலவே மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் பாடங்களில் ஒன்றாகவே அவர் சேர்த்தார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்.

அதன்பின் நடந்தது வியப்புக்குரியது. வயலில் நடவு நட்டவர்கள், கல்லுடைக்கும் குவாரியில் பாடுபட்டவர்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மிதிவண்டி ஏறினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. அதைப் பொருட்படுத்தாதவர்களே மிகுதி. 1992-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில், ஹேண்டில்பாரில் கொடி பறக்க, மணி ஒலிக்க, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டி ஊர்வலம் வந்தனர். பொதுவிடங்களில் நடந்த மிதிவண்டிப் போட்டிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் திறமையைக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் வாங்கினர். அதன் நடுவே குறுக்குக் கம்பி இருக்கிறது. அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர். தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளை என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பேருந்துக்கும் பிறர் துணைக்கும் காத்திராமல் சென்று வந்தனர். குரங்குப் பெடல் போட்டுப் பழகும் சிறுமியை இன்று எவரும் தடுப்பதில்லை என்றால், அந்த வழியை நமக்குத் திறந்துவிட்டவர்கள் அவர்களே.

பின்னர் 2001–2002 கல்வியாண்டில், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கள் வகுப்பில் பலருடைய வண்டி அவ்வாறு வந்ததே. வண்டி கிடைத்தது, ஓட்டவும் தெரிகிறது. ஆனால் வண்டி நின்றுவிட்டால் நாமும் நின்றுவிடுகிறோம். பாட்டிமார் பாதி வழி வந்திருக்கிறார்கள். மீதி வழி நம்முடையது.

புறப்படுமுன் ஐந்து நிமிடம்

பழுது பார்ப்பதில் முதற்பாடம், பழுது வராமல் பார்ப்பது. காலையில் ஐந்து நிமிடம் போதும். எங்கள் ஆசான் அதைக் ‘காற்று, பிரேக், செயின், நட்டு, மணி’ என்று ஐந்து சொற்களில் அடக்கிச் சொன்னார்.

காற்று: இரு சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் அமுங்கினால் காற்றுக் குறைவு. நம் எடையில் பெரும்பங்கைப் பின் சக்கரமே தாங்குவதால் அதற்குச் சற்றுக் கூடுதலான காற்று வேண்டும். காற்றுக் குறைந்த வண்டியைக் குழியில் இறக்கினால், சக்கர வளையத்துக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். அதற்காக அளவு மீறி அடித்து வெயிலில் நிறுத்துவதும் தவறு. வெப்பத்தால் காற்றின் அழுத்தம் கூடும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அதை டியூப் வெடித்துத்தான் நமக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்பதில்லை.

பிரேக்: இரு பிரேக்குகளையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தால் சக்கரம் அசையக் கூடாது. பிடி, ஹேண்டில்பாரைத் தொடும்வரை இறங்கினால் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

செயின்: காய்ந்து கீச்சிடுகிறதா, மிகவும் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நட்டு: இரு சக்கரங்களின் நட்டுகள், சீட்டின் நட்டு, ஹேண்டில்பாரின் நட்டு ஆகியவை இறுக்கமாக உள்ளனவா? முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பினால் அது தனியே திரும்பக் கூடாது.

மணி: ஆட்டு மந்தையும் மாட்டு வண்டியும் வரும் சாலையில் மணி நம் குரல். அது ஒலிக்காவிட்டால் நாம் ஊமை.

இவற்றோடு ஆடையையும் சேர்த்துக்கொள்வோம். தாவணி முனையோ துப்பட்டாவோ செயினில் சிக்கினால் வண்டி மட்டுமன்று, நாமும் விழுவோம். செயினை மூடும் தகடு ஆடாமல் இருப்பதும், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்வதும் அவசியம்.

பஞ்சர் ஒட்டுவது எப்படி?

சக்கரத்தில் காற்று இறங்கியவுடன் பஞ்சர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் மிதிவண்டிகளின் வால்வுக்குள் ‘வால்டியூப்’ என்னும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறது. காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் காக்கும் காவலாளி அதுதான். நாளடைவில் அது வெடித்துவிடும். காற்றடித்தபின் வால்வின் வாயில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். குமிழி எழுந்தால் குற்றம் வால்டியூபில். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. இது தெரியாமல் நாங்கள் எத்தனை முறை வீணாக வண்டியைத் தள்ளியிருக்கிறோம்!

வால்வில் குறையில்லை என்றால் பஞ்சரே. வண்டியைத் தலைகீழாக, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்த வேண்டும். வால்வைக் கழற்றி, எஞ்சிய காற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். டயரின் ஓரத்தை நெம்ப முனை மழுங்கிய பட்டை வேண்டும். கூரிய திருப்புளியால் நெம்பினால், ஒரு பஞ்சரை ஒட்டப் போய் இன்னொன்றை உண்டாக்குவோம். எங்களில் ஒருத்தி அப்படியே செய்து, முதல் சனிக்கிழமை முழுவதும் இரண்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டியூபை வெளியே எடுத்து, வால்வை மாட்டிக் காற்றடித்து, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்திப் பார்க்க வேண்டும். குமிழி வரும் இடமே ஓட்டை. அதை எழுதுகோலால் குறித்துக்கொண்டு, டியூப் முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும். நீண்ட முள் டியூபின் மறுபக்கத்தையும் துளைத்திருக்கக் கூடும். நடுவழியில் தண்ணீர் இல்லையா? கன்னத்தின் அருகே டியூபைக் கொண்டுவந்தால் காற்று படுவது தெரியும்.

பின்பு காற்றை இறக்கி, ஈரத்தை நன்றாகத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி ஒட்டின் அளவைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பளபளப்பான ரப்பரில் பசை பிடிக்காது. அடுத்து ரப்பர் பசையை மெல்லியதாகத் தடவி, சுமார் ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். தொட்டால் விரலில் வராத பதத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டின் தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலே கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தூவினால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. இந்த மருந்துக்கு நம் பள்ளியில் பஞ்சமில்லை.

டியூபை மாட்டுமுன் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. முள்ளைத் தேட வேண்டும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தால் முள் துணியில் தட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும். முள்ளை அப்படியே விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த பர்லாங்கிலேயே மறுபடியும் பஞ்சர். தவற்றுக்கு வருந்திவிட்டு அதன் காரணத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்பவர்க்கு இது நல்ல பாடம் என்று எங்கள் அருட்சகோதரி சொன்னது நினைவில் நிற்கிறது.

டியூபில் சிறிதளவு காற்று வைத்து, வால்வுள்ள இடத்திலிருந்து தொடங்கி, டயரைக் கையாலேயே உள்ளே தள்ள வேண்டும். டியூப் எங்கும் நசுங்கவில்லை என்று இருபுறமும் பார்த்தபின் முழுக் காற்றை அடிக்கலாம். முதல் முறை எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரமாயிற்று. மூன்றாம் சனிக்கிழமை அரை மணிக்குள் முடித்தோம்.

செயினும் பிரேக்கும்

செயின் காலின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது. கீழ்ப்பக்கச் செயினை நடுவில் பிடித்து ஆட்டினால் சுமார் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும். இறுகியிருந்தால் மிதிப்பது கடினம், பற்களும் தேயும். சரி செய்ய, பின் சக்கரத்தின் இருபுற நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, அது நடுவில் நேராக நிற்பதைப் பார்த்து, இரு நட்டுகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும்.

ஓடும்போது செயின் கழன்றால் உடனே இறங்கிவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் பின்னுள்ள சிறிய பல்சக்கரத்தில் செயினை மாட்டி, முன்னுள்ள பெரிய பல்சக்கரத்தின் மேற்பற்களில் சில கண்ணிகளை ஏற்றி, பெடலை மெதுவாக முன்னோக்கிச் சுற்றினால் மற்றவை தாமே ஏறிக்கொள்ளும். கண்ணிகளை ஒரு குச்சியால் தள்ளுவது நலம். விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போகவே கூடாது.

நம் பக்கத்துச் செம்புழுதி செயினுக்குப் பகை. எண்ணெயை மேன்மேலும் ஊற்றினால் நல்லது என்று எண்ணியிருந்தோம். அது தவறு. எண்ணெயும் புழுதியும் குழைந்து உப்புத்தாளைப் போலக் கண்ணிகளைத் தேய்த்துவிடும். முதலில் பழந்துணியால் அழுக்கைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளியாக மிதிவண்டி எண்ணெய் விட்டு, பெடலைச் சில சுற்றுச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், ஆனால் மசகாக நிற்காது.

பிரேக் கட்டைகள் சக்கர வளையத்துக்கு மிக நெருக்கமாக, ஆனால் உரசாமல் இருக்க வேண்டும். அவை டயரைத் தொடுமானால் டயரை அறுத்துவிடும். வளையத்தில் எண்ணெய் படவே கூடாது. மழையில் வளையம் நனைந்திருக்கும்போது பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்லப் பிடித்து நீரை வழித்துவிட வேண்டும். வேகத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் வண்டி நின்று நாம் முன்னே போய்விடுவோம். ஆதலால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே முறை.

இன்னொரு சிறு செய்தி. திருகுகள் பொதுவாக வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடல் மட்டும் இதற்கு நேர்மாறு. வலப்பக்கம் சுற்றினால் கழலும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்க அதற்கு மறைத் திசையை மாற்றி அமைத்திருக்கிறார்கள். இதை அறியாமல் முழு வலிமையோடு தவறான பக்கம் திருகிக் கை சிவந்தவர்கள் எங்கள் ஆறு பேரில் நால்வர்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது என்பதையும் கற்றோம். பழைய வகை வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். அவற்றில் ஒன்று முறிந்தாலோ, சக்கரம் கோணினாலோ, அச்சின் உள்ளே குண்டுகள் உடைந்தாலோ கடைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே எண்ணெய் படிந்த கைகளோடு குனிந்து வேலை செய்பவரின் அறிவு எத்தகையது என்பது ஒட்டுப் போட்டுப் பார்த்தபின்பே எங்களுக்கு விளங்கியது.

கருவி பெண்ணுக்கு அந்நியமன்று

இது பெண்கள் செய்யும் வேலையா என்று கேட்டவர்களும் உண்டு. இக்கேள்வி புதிதன்று. 1896-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மரியா வார்டு என்னும் அம்மையார் பெண்களுக்கான மிதிவண்டி நூல் ஒன்றை வெளியிட்டார். ஓட்டும் முறையோடு நில்லாமல், பெண்களும் கருவிகளும் என்பதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, பழுது பார்ப்பதையும் அதில் விளக்கினார். நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இரண்டையும் சேர்த்தே கற்கச் சொல்லியிருக்கிறார். தையல் வகுப்பில் எந்திரத்தின் ஊசியை மாற்றவும் அதற்கு எண்ணெய் விடவும் நமக்குத் தெரிகிறது. அதே கை ஸ்பேனரையும் பிடிக்கும்.

மிதிவண்டிக் கடையிலிருந்து வானத்துக்கே போனவர்களும் உண்டு. 1903-இல் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். அவர்களது முதல் விமானத்தில் எஞ்சினின் ஆற்றலைச் சுழல் விசிறிகளுக்குக் கொண்டு சென்றதும் செயினும் பல்சக்கரமுமே. கையில் படிந்த எண்ணெய்க் கறை இழிவுக்குரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாசரேத்தூரில் நம் ஆண்டவர் வளர்ந்த வீடும் கருவிகளின் ஓசை கேட்ட தச்சர் வீடுதானே!

நாளைய வண்டிக்கும் இதுவே அடிப்படை

நாளை நம்மில் பலர் மொபெட்டோ ஸ்கூட்டரோ ஓட்டுவோம். அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக அன்று 50 மொபெட்டுகளுக்கு யுனிசெப் நிறுவனம் ஒப்புதல் அளித்தது. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியில் மிதிவண்டியைப் போலவே பெடலும் இருந்தது. மிதிவண்டியின் தம்பிதான் மொபெட்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு 16 வயதிலும், மற்றவற்றுக்கு 18 வயதிலும்தான் உரிமம் பெறலாம். இன்று வீடுகளில் உள்ள வண்டிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை; எனவே 18 வயதுவரை பொறுத்திருப்பதே நமக்கு முறை. ஆயினும் கற்பதற்கு வயதில்லை. வீட்டில் அப்பாவோ அம்மாவோ வண்டியைத் துடைக்கும்போது உடனிருந்து பாருங்கள். காற்று, பிரேக், நட்டு என்ற நம் பாடம் அங்கும் அப்படியே பொருந்தும். மணிக்குப் பதில் ஹாரனும் விளக்குகளும். செயினுள்ள வண்டியில் அதன் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவை பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும். எண்ணெயின் அளவை அதற்குரிய அளவுகோலால், வண்டியோடு வரும் கையேட்டில் சொன்னபடி பார்க்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: எஞ்சின் ஓடும்போது செயினிலோ சக்கரத்திலோ கை வைக்கக் கூடாது; ஓடி நின்ற வண்டியின் புகைக்குழாயைத் தொடக் கூடாது. ஹெல்மெட் அணிவதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரின் அச்சம் பொருளற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆளில்லாச் சாலையில் மகள் தனியே நிற்பதை எந்தத் தாயும் தந்தையும் விரும்பமாட்டார்கள். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்பதையும், இயன்றவரை இருவராகச் செல்ல வேண்டும் என்பதையும் நாங்கள் ஏற்கிறோம். ஆனால் வண்டி நின்றுவிடுமே என்பதற்காக மகளை நிறுத்திவிடாதீர்கள். பை ஒன்றில் ஒரு ஸ்பேனர், டயர் நெம்பும் பட்டை இரண்டு, பசை, ஒட்டுகள், உப்புத்தாள், வால்டியூப், பழந்துணி, கையடக்கமான பம்பு ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். புத்தகப் பையின் ஓரத்தில் அவை அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகனோடு மகளையும் அழைத்து வண்டியைத் தலைகீழாக நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் தோழி தன் வீட்டு முற்றத்தில், தந்தையின் கண் முன்னே பஞ்சர் ஒட்டிக் காட்டினாள். அவர் டியூபைத் தாமே தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார், குமிழி வரவில்லை. அப்பாயி டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தாராம். மறுநாள் வண்டி மீண்டும் பள்ளிக்கு வந்தது. சென்ற மாதம் அதே கண்மாய்க் கரையில் மறுபடியும் ஒரு முள் ஏறிற்று. அவள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. கை நிறையக் கறுப்பு. தாமதத்துக்கு வகுப்பாசிரியையிடம் மன்னிப்பும் கேட்டாள். ஆனால் எவருக்காகவும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், ஓட்டிக்கொண்டே வந்தாள்.

விவிலியத்தில் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயையும் உடன் எடுத்துச் சென்ற ஐவரே வழியில் தடுமாறவில்லை. விளக்கு வைத்திருப்பது மட்டும் முன்மதி ஆகாது. அது அணையாமல் பார்க்கத் தெரிவதே முன்மதி. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலையொன்றின் மேல் கிசாலோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னை நம் சாலைகளிலும் நமக்குத் துணையிருப்பாராக! அவர் காவலை வேண்டிக்கொண்டு, நாளைக் காலை புறப்படுமுன் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்போம்.